கணினி ஏன் நம்மைக் காக்க வைக்கிறது?



தோட்டப்புறத்து வீடுகளில் முன்பு தகரப் பெட்டி ஒன்று இருக்கும். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், கல்யாணப் பதிவு, அடையாள அட்டையின் நகல், சேமநிதிக் கணக்கு, தாத்தாவின் பழைய படம் ஆகிய எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் அடங்கியிருக்கும். இன்று அந்தப் பெட்டியின் வேலையைக் கைத்தொலைபேசியும் பென்டிரைவும் செய்யத் தொடங்கிவிட்டன. கிள்ளானிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ உள்ள கடைக்குப் போய்ப் பத்திரங்களைப் படமாக எடுத்து, விரல் நீளமுள்ள பென்டிரைவ் ஒன்றில் போட்டுக்கொண்டு வருகிறோம். கல்யாண வீட்டுப் படங்களையும் அதிலேயே வாங்கிக்கொள்கிறோம்.

அப்படிப் போடும்போது ஒன்றைக் கவனித்திருப்போம். கணினித் திரையில் ஒரு பச்சைக் கோடு ஓடும். முதலில் மளமளவென்று முக்கால்வாசி தூரம் ஓடிவிடும். பிறகு நடை தளர்ந்து நின்று நின்று நகரும். சில வேளைகளில் கோடு முழுவதும் ஓடி முடிந்த பின்னும் பென்டிரைவின் சிறு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். இதைப் பார்த்ததும் நமக்கு இரண்டு எண்ணங்கள் வரும். "கணினி கெட்டுப்போய்விட்டது" என்பது ஒன்று. "அதுதான் முடிந்துவிட்டதே, பிடுங்கிக்கொண்டு போவோம்" என்பது மற்றொன்று. இரண்டும் சரியல்ல. இரண்டாவது எண்ணம் ஆபத்தானதும் கூட. ஏன் என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

கணினிக்குள்ளும் கைத்தொலைபேசிக்குள்ளும் எல்லா வேலைகளையும் பங்கிட்டுக் கொடுக்கிற ஒரு மூல நிரல் உண்டு. அதற்குக் கெர்னல் என்று பெயர். இந்தச் சொல் நமக்குப் புதியதல்ல. செம்பனைப் பழத்தின் சதையை நீக்கி, கொட்டையை உடைத்தால் உள்ளே வெள்ளைப் பருப்பு இருக்கிறதே, அதையும் ஆலையில் கெர்னல் என்றுதான் சொல்கிறார்கள். ஓட்டுக்குள் பருப்பு இருப்பதைப் போல, நாம் காணும் திரைக்கும் பொத்தான்களுக்கும் உள்ளே இந்த நிரல் இருக்கிறது. உலகில் மிகப் பரவலாக வழங்கும் கெர்னல்களில் ஒன்று லினக்ஸ். பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் 1991-ஆம் ஆண்டில் அதைத் தொடங்கினார். நாம் கையில் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு தொலைபேசிகளுக்குள்ளும் இருப்பது லினக்ஸ் கெர்னல்தான்.

கணினிக்குள் தகவல் தங்குவதற்கு இரண்டு இடங்கள் உள்ளன. ஒன்று நினைவகம். அது மிக வேகமானது, ஆனால் மின்சாரம் போனால் அதில் இருப்பதெல்லாம் மறைந்துவிடும். மற்றொன்று தட்டு, அல்லது பென்டிரைவ் போன்ற சேமிப்பகம். அது மெதுவானது, ஆனால் மின்சாரம் போனாலும் எழுதியது எழுதியபடி இருக்கும். இரண்டின் வேகமும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தொலைவு. நினைவகம் ஒரு விநாடியில் பல ஆயிரம் மெகாபைட் தகவலை வாங்கிக்கொள்ளும். விலை குறைந்த பென்டிரைவ் ஒன்று விநாடிக்குப் பத்து மெகாபைட் எழுதினாலே பெரிது.

இந்த இரண்டுக்கும் நடுவில் கெர்னல் என்ன செய்கிறது? இதற்குச் செம்பனை ஆலையையே எடுத்துக்கொள்வோம்.

கேரித்தீவுப் பக்கமோ பந்திங் பக்கமோ ஓர் ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். குலை ஏற்றிய லாரி வருகிறது. வாசலில் நிறுக்கிறார்கள். குலைகளை ஆலையின் முன்னால் உள்ள சாய்தளத்தில் கொட்டுகிறார்கள். லாரிக்காரர் கையில் சீட்டு கிடைத்துவிடுகிறது. அவர் திரும்பிப் போய்விடலாம். ஆனால் அந்தக் குலைகள் அவிக்கப்பட்டு, உதிர்க்கப்பட்டு, பிழியப்பட்டுவிட்டனவா? இல்லை. சாய்தளத்தில் காத்துக் கிடக்கின்றன. சீட்டு சொல்வது "வாங்கிக்கொண்டோம்" என்பதை மட்டுமே. "எண்ணெய் ஆகிவிட்டது" என்று அது சொல்லவில்லை.

கெர்னல் செய்வதும் இதுவே. நாம் ஒரு படத்தைப் பென்டிரைவில் போடச் சொன்னால், அது முதலில் படத்தை நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, "ஆயிற்று" என்று சீட்டுக் கொடுத்துவிடுகிறது. நினைவகத்தைச் சிறு சிறு பக்கங்களாகப் பிரித்திருக்கிறார்கள். பெரும்பாலான கணினிகளில் ஒரு பக்கம் 4,096 பைட் கொண்டது. நினைவகத்தில் வந்துவிட்டது, தட்டில் இன்னும் எழுதப்படவில்லை என்ற நிலையில் இருக்கும் பக்கத்தை "அழுக்குப் பக்கம்" என்கிறார்கள். கறை படிந்தது என்று பொருளல்ல, வேலை பாக்கி இருக்கிறது என்று பொருள். தட்டில் எழுதி முடித்ததும் அது "தூய பக்கம்" ஆகிவிடும்.

இப்படி வாங்கி வைப்பதால் நன்மை உண்டு. நாம் அடுத்த வேலையைப் பார்க்கலாம். கெர்னலும் பக்கங்களைச் சேர்த்து வைத்து, வரிசைப்படுத்தி, தட்டுக்கு ஏற்ற முறையில் எழுதலாம். ஆனால் எல்லை இல்லாமல் வாங்கிக்கொண்டே போனால் என்னவாகும்? சாய்தளம் நிரம்பி வழிந்தால் ஆலை வாசலே அடைபட்டுப்போகும் அல்லவா? நினைவகத்தின் கதையும் அதுதான். தூய பக்கத்தைத் தேவைப்பட்டபோது சட்டென்று அழித்து வேறு வேலைக்குக் கொடுத்துவிடலாம், ஏனெனில் அதன் நகல் தட்டில் இருக்கிறது. அழுக்குப் பக்கத்தை அப்படி அழிக்க முடியாது. அழித்தால் நம் படம் போய்விடும். நினைவகம் முழுதும் அழுக்குப் பக்கங்களாக நிரம்பிவிட்டால், கணினியில் வேறு எந்த வேலைக்கும் இடம் இருக்காது. கணினி அப்படியே உறைந்து நின்றுவிடும்.

ஆகையால் கெர்னல் அளவுகோல் வைத்திருக்கிறது. லினக்ஸில் வழக்கமாக அமைந்திருக்கும் அளவுகளைச் சொல்வோம். ஐந்து விநாடிக்கு ஒருமுறை ஓர் எழுத்தாள் விழித்துக்கொள்வான். ஆள் என்றால் மனிதன் அல்ல, கெர்னலுக்குள் இருக்கும் ஒரு சிறு நிரல். முப்பது விநாடிக்கு மேல் காத்துக் கிடக்கும் அழுக்குப் பக்கங்களை அவன் எடுத்துத் தட்டில் எழுதுவான். அறுத்த குலையை ஒரு நாளுக்கு மேல் போட்டு வைத்தால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும் என்று ஆலையில் அவசரப்படுத்துகிறார்கள் அல்லவா? அதைப்போல இங்கே முப்பது விநாடி. பாக்கிப் பக்கங்கள் பயன்படுத்தக்கூடிய நினைவகத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கைத் தாண்டினால், எழுத்தாள் நேரம் பார்க்காமல் உடனே வேலையைத் தொடங்கிவிடுவான். இதுவரை நமக்கு எதுவும் தெரியாது. எல்லாம் திரைக்குப் பின்னால் நடக்கிறது.

பாக்கி இன்னும் ஏறிக்கொண்டே போனால்? நூற்றுக்கு இருபது என்பது மேல் எல்லை. பத்துக்கும் இருபதுக்கும் நடுவில், ஏறத்தாழப் பதினைந்தைத் தாண்டியதும், கெர்னல் கட்டுப்பாட்டைத் தொடங்குகிறது. எழுதிக்கொண்டே இருக்கும் நிரலைப் பார்த்து, "கொஞ்சம் பொறு" என்று சொல்லிச் சிறிது நேரம் தூங்க வைக்கிறது. ஒரு தூக்கம் அதிகம் போனால் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. எழுந்ததும் சிறிது எழுத விடும், மறுபடியும் தூங்க வைக்கும். பாக்கி மேல் எல்லையை நெருங்க நெருங்கத் தூக்கம் நீளும். கடைசியில், தட்டு எந்த வேகத்தில் எழுதுகிறதோ அந்த வேகத்தில்தான் புதிய தகவல் உள்ளே வர முடியும் என்ற நிலை ஏற்படும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். கெர்னல் அதைத்தான் செய்கிறது.

பச்சைக் கோடு ஏன் முதலில் ஓடிப் பிறகு தளர்கிறது என்பது இப்போது விளங்கியிருக்கும். முதலில் நாம் கண்டது நினைவகத்தின் வேகம். பிறகு காண்பது பென்டிரைவின் உண்மையான வேகம். கணினி கெட்டுப்போகவில்லை. வாசல்காரன் லாரிகளை ஒவ்வொன்றாக விடுகிறான், அவ்வளவே.

இந்த முறை ஒரே நாளில் அமைந்துவிடவில்லை. முன்பெல்லாம் எல்லை தாண்டியதும், எழுதவந்த நிரலையே பிடித்து, "நீயே போய்த் தட்டில் எழுதிவிட்டு வா" என்று கெர்னல் அனுப்பிவிடும். குலை கொண்டுவந்த லாரிக்காரர்களையே ஆலைக்குள் போய் அவித்துவிட்டு வரச் சொன்னால் எப்படி இருக்கும்? பத்துப் பேர் பத்துத் திசையில் நிற்பார்கள். அப்படித்தான் தட்டின் ஊசியும் இங்கும் அங்குமாக அலைந்தது. வேலை குறைந்து, அலைச்சல் மிகுந்தது. வூ ஃபெங்குவாங் என்ற பொறியாளர் இதை மாற்றினார். எழுதவந்தவன் எழுதும் வேலையில் தலையிட வேண்டாம், காத்திருந்தால் போதும், எழுதுவதை எழுத்தாள் ஒருவனே ஒழுங்காகச் செய்யட்டும் என்பது அவர் அமைத்த முறை. ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைத் தட்டின் வேகத்தையும், எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்பதையும் கொண்டு கெர்னல் கணக்கிடும். 2012-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 3.2 பதிப்பில் இது சேர்ந்தது.

அதற்கு முன்பே இன்னொரு தொல்லைக்குப் பீட்டர் சைல்ஸ்ட்ரா என்பவர் வழி கண்டிருந்தார். ஒரே கணினியில் வேகமான தட்டும் இருக்கும், மெதுவான பென்டிரைவும் செருகியிருக்கும். பென்டிரைவுக்குப் போகவேண்டிய பாக்கி எல்லா இடத்தையும் அடைத்துக்கொண்டால், வேகமான தட்டில் எழுத வருகிறவனும் வீணாகக் காத்திருக்க நேரும். ஆகவே, எந்தச் சாதனம் எவ்வளவு விரைவாக எழுதி முடிக்கிறதோ அதற்கு ஏற்ற அளவு பங்கு அதற்கு என்று பிரித்துக் கொடுத்தார்கள். 2008-ஆம் ஆண்டு ஜனவரியில் வந்த 2.6.24 பதிப்பில் இது இடம்பெற்றது.

அப்படியும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. நூற்றுக்கு இருபது என்ற அளவு, நினைவகம் சிறியதாக இருந்த காலத்தில் பொருத்தமாக இருந்தது. நினைவகம் பெருகியபோது இருபது பங்கு என்பதும் பெருகிப்போயிற்று. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பயன்படுத்தக்கூடிய நினைவகம் 10,000 மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம். அதில் இருபது பங்கு 2,000 மெகாபைட். செருகியிருப்பது பென்டிரைவ் ஒன்றுதான், அது விநாடிக்கு 10 மெகாபைட் எழுதுகிறது என்றால், அந்தப் பாக்கியைத் தீர்க்க 200 விநாடி ஆகும். அதாவது 3 நிமிடம் 20 விநாடி. திரையில் "முடிந்தது" என்று வந்த பிறகும், உள்ளே அவ்வளவு நேரம் வேலை நடந்துகொண்டிருக்கலாம். 2013-ஆம் ஆண்டில் லினக்ஸை உருவாக்குபவர்களிடையே இதைப் பற்றி நீண்ட விவாதமே நடந்தது.

மற்றொரு பக்கமும் இருக்கிறது. எழுத்தாள் தன் வேலையை வெறியோடு செய்தாலும் கெடுதல் உண்டு. குலை லாரிகள் சடக்கு முழுவதையும் அடைத்துக்கொண்டு ஓடினால், பிள்ளைகளை ஏற்றிவரும் பள்ளிப் பேருந்து எப்படிப் போகும்? தட்டுக்கு ஒரே நேரத்தில் எழுத்து வேலையை மலைபோல் குவித்தால், ஒரு சிறு கோப்பைத் திறந்து படிக்க வருகிறவன் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியதாகிவிடும். ஆகவே எழுத்தாளுக்கும் கடிவாளம் போட வேண்டியதாயிற்று. படிக்க வருகிறவர்களுக்குத் தாமதமாகிறதா என்று பார்த்துக்கொண்டே, தாமதமானால் எழுத்து வேலையைக் குறைக்கும் முறையை யென்ஸ் ஆக்ஸ்போ என்பவர் அமைத்தார். 2017-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்த 4.10 பதிப்பில் அது சேர்ந்தது.

நேயர்களே, இந்த அளந்துவிடும் வேலையைக் கண்ணால் காண வேண்டுமானால் நம் கோலாலம்பூரிலேயே காணலாம். 1971-ஆம் ஆண்டு ஜனவரியில் கிள்ளான் ஆறு பெருக்கெடுத்துத் தலைநகரையே மூழ்கடித்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மழை தந்த நீரை ஆறு தன் வேகத்தில் கொண்டுபோக முடியாததால் வந்த வினை அது. பின்னர் 2007-ஆம் ஆண்டில் ஸ்மார்ட் சுரங்கம் திறக்கப்பட்டது. 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கம், நகருக்குள் நுழையும் முன்பே வெள்ளத்தை ஒரு குளத்தில் வாங்கி, நிலத்தடியில் கொண்டுபோய், தாமான் டேசா பக்கம் உள்ள இன்னொரு குளத்தில் தேக்கி, பிறகு ஆற்றில் விடுகிறது. குளங்களும் சுரங்கமும் சேர்ந்து ஏறக்குறைய 30 லட்சம் கனமீட்டர் நீரைத் தாங்கும். மழை இல்லாத நாளில் சுரங்கத்தின் ஒரு பகுதியில் வாகனங்கள் ஓடும். நடுத்தர மழையில் சாலைக்குக் கீழே உள்ள பகுதியில் நீர் ஓடும், சாலை திறந்தே இருக்கும். பெருமழை என்றால் வாகனங்களை வெளியேற்றிச் சாலையை மூடிவிட்டு, நீருக்கு முழு இடத்தையும் விட்டுவிடுவார்கள். பத்து, பதினைந்து, இருபது என்று கெர்னல் படிப்படியாக நடந்துகொள்வதைப் போலவே இங்கும் படிகள் இருக்கின்றன.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மழையைப் பார்த்து "கொஞ்சம் பொறு" என்று யாராலும் சொல்ல முடியாது. குளம் நிறைந்துவிட்டால் வெள்ளம் வெளியேதான் போகும். கணினியில், எழுத வருகிறவனைப் பார்த்துப் பொறு என்று சொல்ல முடிகிறது. அவன் பொறுத்தால் ஒரு துளியும் சிந்தாது. நம்மைக் காக்க வைக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் நம் பத்திரங்களைக் காக்கின்றன. பதறாத காரியம் சிதறாது.

பதறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுவோம். எழுதி முடியும் முன்பே பென்டிரைவைப் பிடுங்கினால், நினைவகத்தில் காத்திருந்த பக்கங்களுக்குப் போக இடமில்லை. சில படங்கள் பாதியோடு நின்றுவிடும், சில பெயர் மட்டும் தெரிந்து திறக்க மறுக்கும். எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று காட்டும் அட்டவணையை எழுதும் நேரமாக இருந்தால், முன்பு போட்டு வைத்த பழைய படங்களும் காணாமல் போகக்கூடும். திடீரென்று மின்சாரம் போனாலும் இதே கதிதான். இரவில் குறித்த நேரத்தில் ஜெனரேட்டரை நிறுத்திவிடும் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு, சட்டென்று இருட்டுவது எப்படி என்று சொல்லத் தேவையில்லை. மடிக்கணினிக்கு மின்கலம் இருப்பதால் சிறிது பாதுகாப்பு உண்டு. மேசைக் கணினிக்கு அதுவும் இல்லை.

"அப்படியானால் வங்கிக் கணக்கெல்லாம் என்ன ஆவது? பணம் போட்ட மறுகணம் மின்சாரம் போனால்?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. காத்திருக்கக் கூடாத தகவல்களுக்கு வேறு கட்டளை உண்டு. "இதைச் சாய்தளத்தில் போடாதே. தட்டில் எழுதி முடித்துவிட்டு வந்து எனக்குச் சொல்" என்று நிரல் கெர்னலிடம் கேட்கலாம். வங்கிக் கணக்கு போன்றவற்றைப் பேணும் நிரல்கள் அந்தக் கட்டளையைத்தான் பயன்படுத்துகின்றன. நேரம் சிறிது கூடும், ஆனால் சீட்டு உண்மையான சீட்டு.

நாமும் அதே கட்டளையைக் கொடுக்கலாம். பென்டிரைவை எடுக்கும் முன் திரையில் "பாதுகாப்பாக வெளியேற்று" என்னும் பொருளில் ஒரு குறி இருக்கிறதே, அதை அழுத்தினால் போதும். பாக்கி எல்லாவற்றையும் எழுதி முடி என்பதே அதன் பொருள். "இப்போது எடுக்கலாம்" என்று கணினி சொல்லும்வரை பொறுத்திருக்க வேண்டும். விண்டோஸில் 2018-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வந்த பதிப்பிலிருந்து, பென்டிரைவுக்கு வருவதை நினைவகத்தில் தேக்காமல் எழுதுவதே வழக்கமான அமைப்பாகிவிட்டது. அதனால் ஆபத்து குறைந்திருக்கிறது. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கினால் அங்கும் பழுதுதான். ஆகையால் எந்தக் கணினியானாலும் இந்தப் பழக்கத்தை விட வேண்டாம்.

இன்னும் சில சொற்கள். கடையில் பத்திரங்களைப் போட்டு வாங்கினால், அவசரம் காட்டாமல், கடைக்காரரையும் அவசரப்படுத்தாமல் இருங்கள். பென்டிரைவை முறைப்படி வெளியேற்றி, மறுபடியும் செருகி, இரண்டு மூன்று படங்களையாவது அங்கேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். அப்போதுதான் தட்டில் இருப்பதைப் பார்க்கிறோம், நினைவகத்தில் இருந்ததை அல்ல. முக்கியமான பத்திரங்களை ஒரே பென்டிரைவில் மட்டும் வைக்காமல், இன்னொரு நகலை வேறிடத்தில் வையுங்கள். மூலப் பத்திரம் இருக்கும் தகரப் பெட்டியை மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பதிவிலாகாவில் கேட்பது மூலத்தைத்தான். கணினி மெதுவாகிவிட்டது என்று பிள்ளைகள் பொத்தானை அழுத்தி அணைக்கப் போனால், "இரு, அது இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது" என்று சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால், ஆலையையும் சாய்தளத்தையும் சொல்லி விளக்குங்கள். அவர்களுக்குப் புரியும்.